விழா மலரில் சாமியார்களைப் பற்றி எழுதும்போது நழுவும் இடங்கள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துப் பாகான் செராய் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் மாதா கோயிலுக்கோ சூசையப்பர் கோயிலுக்கோ ஆண்டு விழா வந்தால், மலரில் பழைய சாமியார்களைப் பற்றி ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். அதில் பெரும்பாலும் சறுக்குவது முதல் வரியிலேயே: "ஆங்கிலேயப் பாதிரியார்". தோட்டத்துத் துரை வெள்ளைக்காரர், சாமியாரும் வெள்ளைக்காரர், ஆகவே இருவரும் ஒரே கூட்டம் என்று எழுதிவிடுகிறோம். மலாயாவில் தமிழரிடையே பணியாற்றிய ஐரோப்பியக் குருக்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள், பாரிஸ் மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர்கள். பெயருக்குப் பின்னால் எம்.இ.பி. என்று இருந்தால் அந்தச் சபைதான்.

துரைக்குப் பதவிக்காலம் முடிந்தால் ஊருக்குக் கப்பல். இவர்களோ ஆயுள் முழுவதற்கும் என்று ஒப்புக்கொண்டு வந்தவர்கள். அதனால் அவர்கள் வாழ்க்கையை "இத்தனை வருட சர்வீஸ்" என்று அரசு உத்தியோகம் போல அளக்காதீர்கள். எந்த மொழி கற்றார் என்பதே அவர் எங்கே போவார் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது. அந்தச் சபைச் சாமியார் ரெனே ஃபே தமிழ் கற்றவர்; பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியேற்றியவர்; 1896-இல் மலாக்கா ஆயரானார். மலாக்கா ஆயர் என்றதும் மலாக்காவில் குடியிருந்தார் என்று எழுதிவிடாதீர்கள், அவர் வாசம் சிங்கப்பூரில். மலாக்காவின் புனித பேதுரு ஆலயமோ போர்த்துகீசிய மரபில் மக்காவ் ஆயரின் கீழ் இருந்தது. ஒரே ஊரில் இரண்டு திருச்சபை ஆட்சி! பழைய ஆவணம் தேடுகிறவர்களை இது நன்றாகவே அலைக்கழிக்கும்.

அப்புறம், "பினாங்குக் கல்லூரியில் படித்தவர்" என்று எல்லாச் சாமியாருக்கும் பொதுவாக ஒட்டுவது. பிரெஞ்சுக் குருக்கள் படித்தது பிரான்சில். பினாங்கு ஜெனரல் கல்லூரி ஆசியாவிலேயே உள்ளூர்க் குருக்களை உருவாக்க ஏற்பட்டது. 1665-இல் சயாமின் (இன்றைய தாய்லாந்து) அயுத்தியாவில் தொடங்கி, பர்மியப் படையெடுப்பில் இடம்பெயர்ந்து, கொஞ்ச காலம் நம் புதுச்சேரிக்குப் பக்கத்து வீராம்பட்டினத்தில் இருந்து, 1808-இல் பினாங்குக்கு வந்தது. பல தேசத்துப் பையன்கள், வகுப்பறை மொழி லத்தீன். இவ்வளவு நீண்ட வரலாறு இருந்தும், மலாயாவில் ஆசியர்கள் ஆயரானது 1955-இல்தான்: கோலாலம்பூரில் தமிழரான டோமினிக் வெண்டர்கான், பினாங்கில் பிரான்சிஸ் சான். சுதந்திரத்துக்கு இரண்டே வருடம் முன்பு. படிப்பு கொடுத்தார்கள், பதவி கொடுக்கத் தயங்கினார்கள் என்பதுதான் என் கணிப்பு. மலரில் இதைப் பூசி மெழுக வேண்டாம்.

பள்ளிக்கூட பிரதர்களைச் சாமியார் பட்டியலில் சேர்ப்பதும் வழக்கம். 1852-இல் பினாங்கில் செயின்ட் சேவியர் பள்ளியை ஏற்ற லா சால் பிரதர்கள் துறவிகள்தான், ஆனால் பூசை வைக்கும் குருக்கள் அல்லர். அவர்கள் பெயருக்குப் பின் எஃப்.எஸ்.சி. என்று வரும்.

ஆண்டுகளிலும் கவனம் வேண்டும். குருப்பட்டம் பெற்றது, மலாயாவில் வந்திறங்கியது, உங்கள் கோயில் பங்கின் பொறுப்பை ஏற்றது, இவை மூன்றும் வேறு வேறு தேதிகள். எம்.இ.பி. சாமியார் என்றால் சபையின் ஆவணக் காப்பகம் பாரிஸில் இருக்கிறது. ஒவ்வொரு குருவைப் பற்றியும் அங்கே வாழ்க்கைக் குறிப்பு வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள்.