கண்மாய்க்கரைப் பாதையை மீட்ட விதம்

காரைக்குடிக்கு அருகே எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையை ஒட்டிய பாதையில்தான் பிள்ளைகள் பள்ளிக்கு நடப்பார்கள். அதைப் பக்கத்துத் தோட்டக்காரர் முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார். பேசிப் பார்த்தும் பயனில்லை. எனவே ஒவ்வொரு புல எண்ணும் யாருடையது, என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டின் நகலையும், எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தையும் இணையத்தில் எடுத்தேன். அந்தப் புல எண் அரசுப் புறம்போக்கு, பாதை என்றே பதிவாகியிருந்தது. இவ்விரண்டும் கையில் இல்லாமல் மனுக் கொடுப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ரசீது பெற்றோம். நில அளவையர் வந்து சங்கிலி பிடித்தபோது, சீமைக்கருவேலந் தூரின் அடியில் மண்மூடிக் கிடந்த எல்லைக்கல் அகப்பட்டது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பிய பிறகே 6ஆம் பிரிவின்கீழ் அகற்ற முடியும் என்பதால் பொறுமை தேவைப்பட்டது.

கம்பி அகன்றபின் கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம். வெட்டி மட்டும் விட்டால் தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பாதையை மேடாக்கக் கரைச் சரிவில் மண் எடுக்காமல், வெளியிலிருந்து கிராவல் கொண்டுவந்து கொட்டினோம்.