காப்பியடித்த வரிக்குச் சிவப்பு எழுத்து

ப்ராஜெக்ட்டுக்கோ ஆய்வேட்டுக்கோ குறிப்பு எடுக்கும்போது, வேறொருவர் எழுதியதை அப்படியே ஒட்டினால் அந்த வரிகளை உடனே சிவப்பு எழுத்தாக மாற்றிவிடுங்கள். கையோடு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்ணையும் அருகிலேயே போடுங்கள். சொந்தமாக எழுதுவது மட்டும் கறுப்பில் இருக்கட்டும். சமர்ப்பிக்கும் முன், மிச்சமிருக்கும் சிவப்பு வரி ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் குறி போடுங்கள், இல்லையென்றால் மூலத்தை மூடிவைத்துவிட்டு உங்கள் நடையில் எழுதி, எங்கிருந்து எடுத்தது என்பதைக் குறிப்பிடுங்கள்.

மாதக்கணக்கில் எழுதும்போது எது நம் வரி, எது எடுத்த வரி என்பதே மறந்துபோகும். திருடும் எண்ணமே இல்லாத நல்ல மாணவர்கள்கூட மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும், 60 வரை என்றால் திருத்திக் கொடுக்கவே ஓராண்டுத் தடை, அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. முறையாக மூலம் காட்டிய மேற்கோள்களும் நூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது. கடைசி வாரத்தில் காசு கொடுத்துச் சதவீதத்தைக் குறைக்க ஓடுவதைவிட இந்தச் சிவப்பு எழுத்து எவ்வளவோ மேல்.

கருத்தையோ புள்ளிவிவரத்தையோ சொல் மாற்றி எடுத்தால் இந்தச் சிவப்பு உதவாது. அதற்கும் மூலம் சொல்லியே ஆக வேண்டும். நண்பரின் கணினி நிரலை வாங்கி அதிலுள்ள மாறிகளின் (variables) பெயரை மட்டும் மாற்றுவது, ஆய்வக ரெக்கார்டில் அளவீடுகளைப் பார்த்து எழுதுவது போன்றவற்றுக்கும் இது பொருந்தாது.