நண்பர்களோடு ஸ்கெட்ச் எழுதும்போது வந்த மனக்கசப்பு தீர்ந்த விதம்

ஸ்கெட்ச், அதாவது சின்னச் சின்ன நகைச்சுவைக் காட்சிகள், எழுதி நடிக்கும் எங்கள் காமெடிக் குழுவில் எல்லோரும் முதலில் நண்பர்கள், பிறகுதான் நடிகர்கள். சிக்கலே அங்கேதான். ஒருத்தர் எழுதியதைக் கேட்டுவிட்டு "சிரிப்பு வரலை" என்றால், அன்று முழுக்க அவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதற்குப் பயந்து மொக்கை ஸ்கெட்சுக்கும் தலையாட்டுவோம். மேடையில் வாங்கிக் கட்டிக்கொள்வோம்.

மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவைப் பற்றிப் படித்தபோதுதான் வழி கிடைத்தது. 1969-இல் பிபிசியில் தொடங்கிய அவர்கள், கிளீஸும் சாப்மனும் ஒரு ஜோடி, பேலினும் ஜோன்ஸும் ஒரு ஜோடி, ஐடில் தனியாக என்று எழுதி, பிறகு கூடி உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார்கள். மற்றவர்கள் சிரித்தால் ஸ்கெட்ச் பிழைத்தது.

நாங்கள் அதில் ஒரு மாற்றம் செய்தோம். எழுதியவர் வாசிக்கக் கூடாது, தாளில் பெயரும் இருக்காது. எழுதியவரே வாசித்தால் குரலை ஏற்றி இறக்கி ஒப்பேற்றிவிடுவார். (சிலருடைய கைவண்ணம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும், அதை என்ன செய்ய!) 'சரியில்லை' என்று மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது, எந்த வரியில் சிரிப்பு விட்டுப்போனது என்று காட்ட வேண்டும். மருத்துவர் ஸ்கெட்ச் ஒன்று இப்படித்தான் தேறியது. நோயாளி வாயைத் திறப்பதற்கு முன்பே மருத்துவர் அழ ஆரம்பிக்கட்டும் என்றாள் ஒருத்தி. எழுதியவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

கூடவே, வேலை பேசாத சந்திப்பு ஒன்றையும் வைத்துக்கொண்டோம். அங்கே ஸ்கெட்ச் பற்றி வாய் திறப்பவர் அடுத்த ஒத்திகைக்குச் சாமான் தூக்க வேண்டும். பெரும்பாலும் நான்தான் தூக்குகிறேன்.