கிட் காரின் பின் சஸ்பென்ஷன்: பாடி பூட்டுமுன் அசைவை அளக்கும் முறை

1957-இல் பிரிட்டனில் வெளிவந்த லோட்டஸ் செவனின் சாயலில், பழைய ஃபோர்டு சியரா காரின் டிஃபரன்ஷியலையும் (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) ஹப்புகளையும் (சக்கரம் பூட்டப்படும் மையப் பகுதி) கொண்டு வீட்டுக் கொட்டகையிலேயே கட்டப்படும் கார்களை மனத்தில் வைத்து இவ்வழிமுறை எழுதப்படுகிறது. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி இரட்டை விஷ்போன்களில் (ஹப்பைச் சேசிஸோடு, அதாவது காரின் சட்டகத்தோடு, இணைக்கும் கவட்டை வடிவக் கைகள்) ஏறி இறங்க, ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) ஒன்றாய்க் கோத்த காயில்ஓவர் அவற்றைத் தாங்குவது இவ்வகைக் கார்களில் பரவலாகக் காணப்படும் அமைப்பு. விஷ்போன்கள், ஹப்புகள், ட்ரைவ் ஷாஃப்ட்டுகள் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகள்), பிரேக்குகள் ஆகியவை பூட்டப்பட்டு, மட்கார்டும் பின்பக்கத் தகடுகளும் இன்னும் ஏறாத நிலையே இச்சோதனைக்கு உகந்தது. தகடுகளை ரிவெட் அடித்த பிறகு எங்கேனும் உரசுவது தெரிய வந்தால், அவற்றைத் துளைத்து எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

சோதனையின் நோக்கம் ஒன்றுதான். சக்கரம் மேலேறும்போது அதை முதலில் தடுத்து நிறுத்துவது டேம்பர் தண்டில் உள்ள, மோதலைத் தாங்கும் பம்ப் ரப்பராக இருக்க வேண்டும். கீழிறங்கும்போது டேம்பரின் முழு நீளமாக இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் முன்னதாக டயரோ, ட்ரைவ் ஷாஃப்ட்டோ, பிரேக் ஹோஸோ, பால் ஜாயின்டோ (விஷ்போன் முனையிலுள்ள குண்டு மூட்டு) தடுக்குமானால் அங்கேதான் பின்னொரு நாள் ஏதேனும் உடையும் அல்லது அறுபடும்.

ஸ்பிரிங்கோடு சேர்த்து ஹப்பை ஜாக்கியால் தூக்கிப் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. எஞ்சினும் ஆட்களும் ஏறாத சேசிஸுக்கு எடை போதாததால், ஸ்பிரிங் அமுங்குவதற்குப் பதிலாகச் சேசிஸே ஸ்டாண்டிலிருந்து எழும்பிவிடும். எனவே முதலில் காயில்ஓவரைக் கழற்றிவிட வேண்டும். வாயு அடைத்த டேம்பராயின் ஸ்பிரிங் இல்லாமலேயே அதன் தண்டு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் என்பதால், அதையும் நம்பாமல், அதன் இடத்தில் பூட்ட இரும்புப் பட்டையில் போலி டேம்பர்கள் செய்துகொள்வதே நல்லது. எடுத்துக்காட்டாக, கண்ணுக்குக் கண் (இரு முனைகளின் போல்ட் துளைகளுக்கிடையே) 330 மி.மீ. நீண்டு, 230 மி.மீ. வரை சுருங்கும் டேம்பர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கார் நிற்கும் நிலையில், மொத்த 100 மி.மீ. ஓட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கீழிறக்கத்திற்கு ஒதுக்குவது என் வழக்கம். அதன்படி நிற்கும் நீளம் 295 மி.மீ. ஆகிறது. 330, 295, 230 என்ற மூன்று அளவுகளுக்கும் மூன்று தனிப் பட்டைகள் வேண்டும். ஒரே பட்டையில் எல்லாத் துளைகளையும் இட்டால், குறுகிய நிலையில் மிச்சப் பகுதி நீண்டு சேசிஸில் இடித்து, சோதனையையே கெடுத்துவிடும்.

சேசிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, நீளவாட்டிலும் குறுக்கிலும் ரசமட்டம் வைத்துச் சமன் செய்க. விஷ்போன் போல்ட்டுகள் ஆடாத அளவுக்கு மட்டும் இறுகியிருக்கட்டும். விஷ்போன் மூட்டுகளில் உள்ளவை ரப்பர் புஷ்களாயின் (போல்ட்டைச் சுற்றிய ரப்பர் உறைகள்), 295 பட்டை பூட்டிய நிலையில்தான் அவற்றை இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே கிடந்து விரைவில் கிழியும். அடுத்து, ஹப்பின் மையத்திலிருந்து செங்குத்தாக மேலே சேசிஸில் ஒரு புள்ளியைக் குறித்து, அவ்விரண்டுக்கும் இடையிலான உயரத்தை மூன்று பட்டைகளிலும் அளந்து எழுதிக்கொள்க. சக்கரம் 10 மி.மீ. ஏற டேம்பர் 7 மி.மீ. சுருங்கினால் விகிதம் 0.7, அந்த 100 மி.மீ. ஓட்டம் சக்கரத்தில் ஏறத்தாழ 143 மி.மீ. அசைவாகும். சக்கரம் உணரும் ஸ்பிரிங் கடினமோ விகிதத்தின் வர்க்கப்படி குறைந்து, ஸ்பிரிங்கில் பொறித்த எண்ணில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 0.49 மடங்காக இருக்கும். டேம்பர் சாய்ந்திருப்பதால் இவ்விகிதம் ஓட்டம் முழுதும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதால், ஓரிடத்தில் மட்டும் அளந்து நிறுத்திவிடக் கூடாது.

இனி பட்டையை எடுத்துவிட்டு, ஹப்பைச் சிறு ஜாக்கியால் 10 மி.மீ. படிகளில், கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லை வரை, அதாவது 330, 230 பட்டைகளில் எழுதிய உயரங்களுக்கிடையே, மெல்ல ஏற்றுக. அதிகக் கவனம் கோருவது ட்ரைவ் ஷாஃப்ட். அதன் இரு முனை ஜாயின்டுகளுக்கும் இடையிலான தூரம் சக்கரம் ஏறி இறங்குகையில் மாறிக்கொண்டே இருக்கும். அம்மாற்றத்தை உள்முனையிலுள்ள ட்ரைபாட் ஜாயின்ட் (கிண்ணத்துக்குள் மூன்று உருளைகள் சறுக்கும் மூட்டு) முன்பின் நகர்ந்து ஏற்றுக்கொள்கிறது. எனவே ஒவ்வொரு படியிலும் ஷாஃப்ட்டைக் கையால் உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் பார்க்க வேண்டும். எங்கேனும் உள்ளே நகர இடமில்லாமல் முட்டி நின்றால், ஓடும்போது அந்த அழுத்தம் டிஃபரன்ஷியல் பேரிங்கின் மேல் விழும். மாறாக மிகுதியாக வெளியே வந்தால், உருளைகள் கிண்ணத்தின் விளிம்பை விட்டு நழுவக்கூடும். கீழ் எல்லையில் ஜாயின்டின் கோணம் மிகும் என்பதால், அங்கே ஹப்பை முழுச் சுற்றாகக் கையால் சுழற்றி, இறுக்கம் தட்டுகிறதா என்று உணர்ந்து பார்க்க வேண்டும். ஷாஃப்ட் சேசிஸ் குழாயை நெருங்கும் இடத்தில் சிறுவர் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டினால், நசுங்கிய கனமே மிஞ்சும் இடைவெளியைக் காட்டிவிடும்.

பால் ஜாயின்டும் ரோஸ் ஜாயின்டும் (தண்டு முனையில் திருகப்படும் குண்டு மூட்டு) எந்த எல்லையிலும் தம் கோணத்தின் கடைசிக்குப் போய் நெம்பக் கூடாது. பிரேக் ஹோஸ் கீழ் எல்லையில் விறைக்காமலும், மேல் எல்லையில் மடிந்து டயரையோ ஷாஃப்ட்டையோ தொடாமலும் இருக்க வேண்டும்; பிரிட்டனில் ஐவிஏ (தனி வாகன ஒப்புதல்) பரிசோதகரும் இதைப் பார்ப்பார். ஹேண்ட்பிரேக் கேபிளுக்கும் இதுவே விதி. ஒரு சக்கரம் ஏறி மற்றது தொங்கும் நிலையை ஒருமுறை பார்த்துவிட்டால், ஆன்டி-ரோல் பார் (திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்க இரு சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) இருப்பின் அதன் இணைப்புகள் திரும்பிக்கொள்ளாததும் உறுதியாகும். பிறகு உண்மையான சக்கரத்தையும் டயரையும் மாட்டிச் சுற்றிலும் பார்க்க வேண்டும். அசையும் இரும்புகளுக்கிடையே 10 மி.மீ., டயருக்கு 20 மி.மீ. இடைவெளி இருந்தால் எனக்கு நிம்மதி. திருப்பத்தில் டயர் பிதுங்கும், புஷ்களும் சற்று வளைந்து கொடுக்கும்.

சக்கரத்தின் திசை மாறுகிறதா என்பதையும் இப்போதே காணலாம். ஹப்பில் சமதளப் பலகை ஒன்றைப் பூட்டி, 500 மி.மீ. இடைவெளியில் இரு புள்ளிகளை, காரின் மையக்கோட்டுக்கு இணையாகக் கட்டிய நூலிலிருந்து படிதோறும் அளக்க வேண்டும். இரு அளவுகளின் வேறுபாடு 1 மி.மீ. மாறினால், சக்கரம் ஏறத்தாழ 7 கோண நிமிடங்கள் திரும்பியிருக்கிறது என்று பொருள். மேலேறுகையில் சிறிது உள்நோக்கித் திரும்பினால் பொறுக்கலாம். வெளிநோக்கித் திரும்பினால், திருப்பத்தில் காரின் வால் வீசும் என்பதால், விஷ்போன் இணைப்பைத் திருத்தாமல் மேற்கொண்டு போக வேண்டாம்.

மெல்லிய பட்டை தப்பிய இடத்தில் பருத்த ஸ்பிரிங் உரசக்கூடும் என்பதால், காயில்ஓவரைத் திரும்ப மாட்டியதும் மேல் விஷ்போன் அருகே மீண்டும் நோக்க வேண்டும். ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும் நீளத்தையும் கணக்கிடுக: 10 மி.மீ. கம்பியில் ஒன்பதரைச் சுற்று எனில் ஏறத்தாழ 95 மி.மீ. டேம்பர் முழுதும் சுருங்கும்போது ஸ்பிரிங் தட்டுகளுக்கிடையே இதைவிடத் தெளிவாக அதிக இடம் இருக்க வேண்டும்.

கார் முழு எடையோடு தரையில் நின்ற பின், ஓட்டுநரை உட்கார வைத்து டேம்பரின் நீளம் 295-க்கு வருமாறு கீழ்த் தட்டைத் திருகிச் சரிசெய்க. டேம்பர் தண்டில் சிறு கேபிள் டை ஒன்றை இறுக்கமாகக் கட்டி, உடலோடு ஒட்டத் தள்ளிவிட்டு முதல் ஓட்டத்திற்குக் கிளம்பலாம். திரும்பி வந்ததும் அது நகர்ந்து நிற்கும் இடம், டேம்பர் உண்மையில் எவ்வளவு சுருங்கியது என்பதைக் காட்டும்.