கீதை படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் முதுநகரிலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கமோ நாலு கடை ஏறி இறங்கினால், ஒரு கடையிலாவது கல்லாவுக்கு மேலே அந்தப் படம் சட்டம் போட்டுத் தொங்கும். தேரில் கண்ணன், கீழே கும்பிட்டபடி அர்ச்சுனன், ஓரத்தில் ‘எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது’. தலைப்பு ‘கீதாசாரம்’. கீதையின் 700 சுலோகங்களில் எதிலும் இந்த வாசகம் கிடையாது. முதல் தவறு இங்கேயே தொடங்குகிறது: படத்தைப் படித்துவிட்டு நூலைப் படித்ததாக நினைத்துக்கொள்வது.

படத்தில் இருப்பதும் நல்ல கருத்துதானே என்று கேட்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தா வைத்த பலா மரத்தை இழந்தவரிடம் போய் ‘நன்றாகவே நடந்தது’ என்று சொல்லிப் பாருங்கள். கீதை அப்படிச் சொல்லவில்லை. இந்த இடத்துக்குப் பொருந்துவது 2.14, அதாவது இரண்டாம் அத்தியாயத்தின் 14ஆம் சுலோகம். குளிரும் வெப்பமும், இன்பமும் துன்பமும் வந்து போகிறவை, நிலையில்லாதவை, பொறுத்துக்கொள் என்கிறது அது. துன்பத்தைத் துன்பம் என்றே சொல்லிவிட்டுத்தான் பொறுக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கடலே இருக்கிறது.

நாலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது

‘கடமையைச் செய், பலனை எதிர்பாராதே.’ இது 2.47இன் சாயல். அந்தச் சுலோகத்தில் நான்கு துண்டுகள் உள்ளன. செயலில்தான் உனக்கு அதிகாரம்; பலன்களில் ஒருபோதும் இல்லை; பலனுக்குக் காரணம் நான்தான் என்று ஆகிவிடாதே; செயலற்று இருப்பதிலும் உனக்குப் பற்று வேண்டாம். நாலாவது துண்டு பேச்சுவழக்கில் விழுந்தே போய்விட்டது. அதனால்தான், ‘நம்ம கையில என்ன இருக்கு’ என்று உட்கார்ந்துவிடுகிறவரும் இதே சுலோகத்தைத் துணைக்கு அழைக்கிறார்.

துறைமுகத்தில் நின்று பார்த்தால் இது எளிதாகப் புரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பலகை மாற்றுவது, வர்ணம் பூசுவது, இஞ்சினைப் பிரிப்பது, வலையின் கிழிசலைப் பின்னுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். ஜூன் 15 அன்று எவ்வளவு மீன் விழும் என்பது யார் கையிலும் இல்லை. ஆனால் பின்னாத வலையோடு போய்விட்டு, ‘பலன் என் கையில் இல்லை’ என்று சொன்னால் அது 2.47 ஆகாது.

இன்னொன்று. இந்தச் சுலோகம்தான் மொத்தக் கீதையின் சாரம் என்பதும் சரியல்ல. 1910இல் புதுச்சேரிக்கு வந்த ஸ்ரீ அரவிந்தர், 1916 முதல் 1920 வரை ‘ஆர்யா’ இதழில் எழுதிய கீதைக் கட்டுரைகளில் இதையே சொல்கிறார். இதை மகாவாக்கியம், அதாவது நூல் முழுவதையும் அடக்கிய பெருவாக்கியம் என்று பிடித்துக்கொள்ள வேண்டாம், தொடக்க நிலைக்கு உரியது என்பது அவர் வாதம்.

தமிழ்ச் சொல் என்று நினைத்து ஏமாறுவது

இது நமக்கே உரிய தவறு. கீதையின் பல சொற்கள் தமிழில் வேறு பொருளோடு குடியேறிவிட்டன. ‘தர்மம்’ என்றால் நமக்குப் பிச்சை போடுவது. ‘யோகம்’ என்றால் அதிர்ஷ்டம் அடிப்பது. ‘கர்மம்’ என்றால் தலையில் அடித்துக்கொள்வது. ‘அதிகாரம்’ என்றால் தாசில்தார். கீதையில் யோகம் வெற்றி தோல்வியில் சமநிலை (2.48), அதிகாரம் தகுதி, உரிமை, கர்மம் வெறும் செயல்.

எழுத்தும் சேர்ந்து குழப்பும். 2.47இல் வரும் பலம் பழத்தை, அதாவது விளைவைக் குறிக்கும். 7.11இல் ‘பலம் பலவதாம்’ என்று வருவது வலிமை. தமிழில் ஒரே ‘ப’தான். 6.17இல் வரும் ‘விஹாரம்’ நடமாட்டம், பொழுதுபோக்கு. சில அச்சில் ‘விகாரம்’ என்று விழுந்து பொருளே கெட்டுவிடுகிறது. ஆகவே நூல் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். க, ச, ட, த, ப எழுத்துகளுக்கு 2, 3, 4 என்று சிறு எண் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பதவுரை இருக்க வேண்டும். பொழிப்புரை மட்டும் உள்ள நூலில், உரைக்காரர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

கோபத்தைப் பிடிக்கும் இடம்

வாழ்க்கைக்கு உடனே உதவுவது 2.62, 63. எட்டுப் படி: ஒன்றையே நினைத்துக்கொண்டிருத்தல், பற்று, ஆசை, கோபம், மயக்கம், நினைவு தடுமாறுதல், புத்தி கெடுதல், அழிவு. எல்லோரும் நாலாவது படியில் கோபத்தை அடக்கப் பார்க்கிறார்கள். அதற்குள் மூன்று படி இறங்கியாயிற்று. பாகப்பிரிவினையில் அண்ணன் எடுத்துக்கொண்ட அரை சென்ட் இடத்தை ராத்திரி முழுக்க மனசில் அளந்துகொண்டிருப்பதுதான் முதல் படி. காலையில் வரும் சண்டை அதன் மிச்சம். ஆறாவது படியில், எதிரே நிற்பது கூடப் பிறந்தவன் என்பதே மறந்துபோகும்.

வாயை மூடிக்கொண்டு உள்ளே மென்றுகொண்டிருப்பதும் தீர்வல்ல. அதற்கு 3.6 வைக்கும் பெயர் ‘மித்யாசாரம்’, பொய்யொழுக்கம். செய்ய வேண்டியது 6.26இல் இருக்கிறது: மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கங்கே இருந்து திருப்பிக் கொண்டுவா. ஒரு தடவை இல்லை, ஓடும் ஒவ்வொரு தடவையும். அது எளிது என்று கண்ணனும் சொல்லவில்லை, பயிற்சியும் பற்றின்மையும் வேண்டும் என்கிறார் (6.35).

உடம்பை வருத்தினால் தவம் என்று நினைப்பதும் பரவலான தவறு. அளவுக்கு மேல் உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் இல்லை என்கிறது 6.16. பதினேழாம் அத்தியாயம் வாக்குக்கும் ஒரு தவம் சொல்கிறது: பிறர் மனம் கலங்காமல், உண்மையாக, இனிமையாக, நன்மை தருவதாகப் பேசுவது (17.15). நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். ‘நான் உள்ளதைச் சொன்னேன்’ என்பவர் நாலில் ஒன்றைத்தான் செய்திருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையில் வரும் கீதை வாசகங்களையும் இந்த நான்கில் வைத்துப் பார்க்கலாம். கைம்மாறு கருதிக் கொடுப்பது ராஜசம், ஆசை கலந்த இடைத்தரக் கொடை என்பது 17.21, கோயில் டியூப் லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு ‘உபயம்’ எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

கடைசி வரியை முதலில் பிடிப்பது

‘எல்லா தர்மங்களையும் விட்டு என் ஒருவனையே சரணடை’ என்பது 18.66, வைணவர்கள் சரம சுலோகம், அதாவது முடிவான சுலோகம் என்று போற்றுவது. இதைக் குடும்பப் பொறுப்பைக் கைவிட அனுமதியாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதே அத்தியாயத்தில் 18.7, செய்தே தீர வேண்டிய கடமையை மயக்கத்தால் விடுவது தாமசம், கடைத்தரமானது என்கிறது. 18.63, இதை முழுதும் ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்கிறது. இரண்டையும் கேட்ட அர்ச்சுனன் போரை விட்டுப் போகவில்லை. ‘நீ சொன்னபடி செய்வேன்’ என்று வில்லை எடுத்தான்.

‘வீட்டில் பாரதம் படித்தால் சண்டை வரும்’ என்ற பயத்தைக் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக்காரர்கள் வைத்துக்கொள்ளவே கூடாது. நம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, கூத்து நடத்தி, படுகளம் கண்டு, தீ மிதித்துத்தானே விழா முடிகிறது.

எங்கே தொடங்குவது? முதல் அத்தியாயத்தின் சங்கொலியில் பலர் களைத்து நின்றுவிடுகிறார்கள். 20 சுலோகம் உள்ள 12ஆம் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். பிறகு 2, 3, 6, 17. அதன் பிறகு முதலிலிருந்து நாளுக்கு இரண்டு என்று போனால் 350 நாளில் முடியும். மொத்த வரைபடம் வேண்டுமென்றால், நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலில் பிறந்த வைணவ ஆசாரியர் ஆளவந்தார் 32 சுலோகத்தில் போட்டு வைத்திருக்கிறார்: 18 அத்தியாயங்களையும் ஆறு ஆறாக மூன்று பகுதி. திருவஹீந்திரபுரத்தில் பல ஆண்டு வாழ்ந்த வேதாந்த தேசிகர் அந்தச் சாரத்தைத் தமிழ்ப் பாசுரங்களாகவே பாடியிருக்கிறார். ஒரு சுலோகம் பிடித்துப்போனால் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே அதற்கு முந்தைய சுலோகத்தின் எண்ணையும் பிந்தையதன் எண்ணையும் எழுதிவையுங்கள்.