லவுட்டோகா கடையில் ஆள் பற்றாக்குறை தீர்ந்த விதம்

ஃபிஜியில், லவுட்டோகாவில் ஹார்டுவேர் கடை நடத்துகிறேன். கிராமத்தில் துக்கம் என்றால் ஊழியர்கள் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். பாதிப் பேர் ஒரே குலம் என்பதால் கடை காலியாகிவிடும். சம்பளத்தைப் பிடித்தால் ஆளே நின்றுவிடுவார்.

சட்டப்படி சம்பளத்தோடு துக்க விடுப்பு ஆண்டுக்கு 3 நாள், ஆண்டு விடுப்பு 10 நாள். இரண்டையும் சேர்த்து எடுக்கலாம் என்று வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தேன். அப்புறம், ஒவ்வொரு வேலைக்கும் வெவ்வேறு கிராமத்தார் இருவரைப் பழக்கினேன். கம்பி வெட்டுகிறவருக்கு இப்போது பில் போடவும் தெரியும்.

துக்க வீட்டுக்கு நானும் போகிறேன். சடங்குகளில் கரைத்துக் குடிக்கும் பானத்துக்கான காவா செடியின் வேரை ஒரு கட்டு, மரியாதையாகப் பெரியவர்கள் முன் வைத்துவிட்டு, பாயில் அவர்களோடு உட்கார்கிறேன். இதுதான் நிலைமையை மாற்றியது என்பேன். இப்போதெல்லாம் சேதி வந்த அன்றே யார் போகிறார், எப்போது திரும்புவார் என்று ஊழியர்களே சொல்லிவிடுகிறார்கள்.