கேம்பரில் சர்ஜ் புரொடெக்டர்: ஜெனரேட்டர் போட்டால் மட்டும் கரண்ட் வரவில்லை

என் கேம்பரில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி), வயரிங்கோடு சேர்த்துப் பொருத்தும் 30 ஆம்ப் சர்ஜ் புரொடெக்டரை (மின்னழுத்தம் எகிறினாலோ வயரிங்கில் கோளாறு தெரிந்தாலோ கரண்டைத் தடுக்கும் கருவி), வெளியிலிருந்து கேபிள் உள்ளே வரும் இடத்துக்கும் மெயின் பேனலுக்கும் நடுவில் போட்டேன். முகாமில் இருக்கும் மின் கம்பத்தில் செருகினால், ஏசி கம்ப்ரசரைக் காப்பதற்காக அதில் வைத்திருக்கும் தாமதம் முடிந்ததும் ஒழுங்காகக் கரண்டை விட்டது. சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் செருகினால் மட்டும் எர்த் இல்லை என்று எரர் காட்டி, துளி கரண்டைக்கூட உள்ளே விடவில்லை.

டெர்மினல் ஸ்க்ரூக்களைத் திரும்ப முறுக்கினேன், கேபிளை மாற்றினேன், அப்புறம் அடாப்டரையும் மாற்றினேன். எர்த் பின்னிலிருந்து சேசிஸ் (வண்டியின் உலோகச் சட்டம்) வரை மல்டிமீட்டர் பீப் அடித்தது, ஆக வயர் எங்கும் அறுந்திருக்கவில்லை. பல நாள் இதிலேயே போயிற்று.

துப்பு கிடைத்தது ஜெனரேட்டர் சாக்கெட்டிலேயே அளந்தபோதுதான். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட், சரி. ஆனால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 60 கிட்ட, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் 60 கிட்ட! இப்படிப் பாதிப் பாதியாகக் காட்டினால் ஜெனரேட்டருக்குள் நியூட்ரலும் எர்த்தும் இணையாமல் மிதக்கின்றன என்று அர்த்தம். கையில் தூக்கிப் போகும் ஜெனரேட்டர்கள் பலவும் இப்படித்தான் வருகின்றன. புரொடெக்டர் அதைத்தான் எர்த் இல்லை என்று எடுத்துக்கொள்கிறது.

ஒரு மூன்று பின் பிளக்கில் ஃபேஸைத் தொடாமல் நியூட்ரலையும் எர்த்தையும் மட்டும் வயரால் இணைத்து, ஜெனரேட்டரின் இன்னொரு சாக்கெட்டில் செருகினேன். எரர் போய் கரண்ட் வந்துவிட்டது. அப்பாடா!

இந்த இணைப்பைக் கேம்பர் பேனலுக்குள் கொடுத்துவிடாதீர்கள். கம்பத்துச் சப்ளையில் அது ஏற்கெனவே இருக்கிறது, இரண்டு இடத்தில் இருந்தால் நியூட்ரல் கரண்ட் எர்த் வயரிலும் ஓடும். பிளக்கின் மேல் 'ஜெனரேட்டருக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.